நான் வெட்டியெறிந்த பந்தி

எண்ணிக்கையில்லாமல் கல்யாண வீடியோ பார்த்த மனுஷி அவர். ஆனால் ஒன்றிலாவது மணப்பெண்ணை ஒழுங்காகப் பார்த்திருப்பாரா என்று கேட்டால், கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன், இல்லை. தாலி கட்டும்போது மேளக்காரருக்குப் பின்னால் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். அட்சதை போடும்போது கதவோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவளைப் பார்ப்பார். பார்த்தால் சும்மா இருக்கமாட்டார். என் கதிரையின் முதுகைப் பிடித்து உலுக்குவார்.

“நிப்பாட்டும், நிப்பாட்டும்! கொஞ்சம் பின்னுக்கு விடும். உந்தத் தூணடியில நிக்கிறது ஆர்?”

“எனக்கு எப்படி மிஸ் தெரியும்?”

“தெரியாது தானே! அதுதான் வேணும்!” என்று கை தட்டுவார். ஒருவரை யாரென்று தெரியாமல் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அண்ணனின் ஸ்டூடியோ. அண்ணன் படம் எடுப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். பூ விழுகிற எஃபெக்ட், இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம், பொண்ணு திரும்பிப் பார்க்கும்போது ஸ்லோமோஷன், எல்லாம் என் கைவேலை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, யாழ்ப்பாணப் பேச்சு, தோளில் கெமரா, கையில் ஒரு உரப் பை. பேராதனையில் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும், யுத்தத்துக்குள் இருந்த பெண்களின் நினைவுகளைப் படமாக எடுப்பதாகவும் சொன்னார். உரப் பையைக் கொட்டிப் பார்த்தேன். முழுக்கப் பழைய வீடியோ கெசட். எல்லாம் கல்யாணம்.

“யுத்தப் படம்னு சொன்னீங்க?”

“ஓம். உதுக்குள்ளதான் இருக்கு.”

சரி, கண்டிக்கு எத்தனையோ விதமான ஆட்கள் வந்து போகிறார்கள், இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதினேன். இங்கே எழுதமாட்டேன். தன் படத்திலேயே தன் பெயரைப் போடாதவர் அவர். எனக்கு அவர் மிஸ், அவ்வளவுதான்.

கல்யாண கெசட் எப்படி யுத்தப் படமாகும் என்பதைப் பிறகு அவரே சொன்னார். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே சில குடும்பங்கள், கலவரத்துக்குப் பயந்து ஒரு காலத்தில் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியிருந்து, கடைசி யுத்தத்துக்குள் அகப்பட்டு, எல்லாம் முடிந்த பிறகு வெறுங்கையோடு தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயத்துக்கே திரும்பி வந்தவை. மிஸ் கெமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே மூன்று தடவை போயிருக்கிறார். மூன்று தடவையும் பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, பெயர், வயது, கிராம சேவகர் பிரிவு, இடம்பெயர்ந்த திகதி என்று ஒப்பித்துவிட்டு எழும்பிப் போனார்கள். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலும் விசாரணைகளிலும் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பாடம்.

“அது அவையளின்ர கதை இல்லை தங்கச்சி. அது ஃபோம் நிரப்பின கதை” என்று மிஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

நாலாவது தடவை மழை. படம் எடுக்க வெளிச்சம் இல்லை. ஒரு வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூலையில் டிவியில் வன்னியில் நடந்த யாருடையதோ கல்யாணம் ஓடுகிறது. அடுப்படியிலிருந்து வந்த ஒரு பெண் திரையைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே கத்தியிருக்கிறார்.

“ஐயோ, இந்தக் கூறைச் சேலையத்தான் பின்னால பங்கருக்கு மண் மூட்டை கட்டக் கிழிச்சோம்! நான்தான் தச்சேன். சரிகை இருந்த பக்கம் ஊசி எறங்கவே இல்ல!”

அவ்வளவுதான், லயமே கூடிவிட்டது. ஆளாளுக்கு விரலை நீட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். இவன் எந்த இடத்தில் செத்தான், அவள் யாருடைய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பங்கர் குழிக்குள் யார் யாரோடு கோபம், ஒரு வாயும் ஓயவில்லை. மிஸ் கெமராவை டிவிக்கு முதுகு காட்டித் திருப்பி, பார்க்கிறவர்களைப் படம் பிடித்திருக்கிறார். கெசட்டை மாற்றித் தர ஒரு கடை தேடி அன்று சாயங்காலம் எங்கள் ஸ்டூடியோவுக்கு அவர் போன் எடுத்தார், உரப் பையோடு படியேறி வந்தது அதற்குப் பிறகுதான். ஹலோகூடச் சொல்லவில்லை. “கிடைச்சிட்டுது! கிடைச்சிட்டுது!” என்று போட்ட சத்தத்தில் அண்ணன் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கண்டி, பேராதனை, திகன என்று வடக்கோடு உறவுள்ள எந்த வீட்டு அலுமாரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. வந்த கெசட்டையெல்லாம் நான் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். உட்கார மாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் பாதி என் கீபோர்டுக்குத்தான். ஒரு தடவை அந்தக் கூறைச் சேலைப் பெண் பேசுகிற துண்டுக்கு, கேட்கிறவர்கள் மனம் உருகட்டுமே என்று நானாகவே வயலின் போட்டு வைத்தேன். மிஸ் காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கினார்.

“ஆர் உந்த வயலின்காரன்? அவ அழாமல் சொல்லுறா. இவன் ஏன் அழுறான்?”

எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் வயலினை எடுத்துவிட்டுக் கேட்டபோது, ஊசி இறங்கவில்லை என்று சொல்லும் இடத்தில் அந்தப் பெண் தன் பெருவிரலைத் தடவிக்கொள்வது கண்ணில் பட்டது. அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை.

கடைக்கு வருகிற கஸ்டமர்களையும் அவர் விடுவதில்லை. ஆல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வந்த ஒரு புதுப் பொண்ணிடம், “இந்த நீலச் சாறி ஆர் பிள்ளை?” என்று கேட்டார். அவள் தெரியாமல் அம்மாவுக்குப் போன் போட, அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட, கடைசியில் அது கல்யாண ஹோலைக் கூட்டிப் பெருக்குகிற பெண் என்று தெரிந்தது. “அப்ப அவவுக்கும் ஒரு கொப்பி குடுங்கோ” என்றார் மிஸ். அந்தப் பொண்ணு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்த மிஸ் இன்னும் ரெண்டு வாரம் வந்தா நம்ம யாவாரம் படுத்துரும்” என்றார். எனக்கோ அவர் வராத நாளில் வேலையே ஓடாது.

“உங்க வீட்டுக் கல்யாண வீடியோ ஒண்ணும் இல்லையா மிஸ்?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“இருக்கு, அக்காவின்ர. நான் அதில இல்லை. கெமராக்காரருக்குப் பின்னால லைற் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். வெளிச்சம் முழுக்க என்ர தான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா இப்போது எங்கே என்று கேட்டேன். அடுத்த கெசட்டை எடுத்துத் தந்தார்.

இனி கலஹா லயத்தில் இருந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். லயத்தில் படம் போடும்போதெல்லாம் வந்து வாசலோரம் குந்தியிருப்பார். மற்றவர்கள் கத்தும்போது இவர் வாய் திறப்பதில்லை. கடைசி யுத்தத்தில் ஒரு மகளை இழந்தவர். ஓடிய ஓட்டத்தில் வீடும் போய்ப் பெட்டியும் போய், மகளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஸ் பேச்சுக் கொடுத்தால், “ரெண்டாவது மக. வயசு இருவது. காணாம போனது. ஃபோம் குடுத்திருக்கேன்” என்பதோடு முடிந்துவிடும். ஒரே ஒரு முறைதான் அதைத் தாண்டினார்.

“எல்லா ஆபீஸ்லயும் போட்டோ கேக்குறாங்க மிஸ். எனக்கே மொகம் மறந்துரும்போல இருக்கு. அதான் வந்து வந்து பாக்குறேன், எதுலயாவது நிப்பாளான்னு.”

அன்றையிலிருந்து மிஸ் கெசட் தேடின வேகம் இரண்டு மடங்காகியது. அந்த ஓட்டத்தில்தான் பேராதனையில் வேலை செய்யும் ஒரு நர்ஸின் கல்யாண கெசட் கிடைத்தது. கடைசி யுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய சமாதான காலத்தில் கிளிநொச்சிப் பக்கம் நடந்த கல்யாணம். வேறு பிரதி கிடையாது. கண்டி ஈரத்தில் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. மிஸ் அன்று இல்லை, நான் தனியாக மாற்றினேன். இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

கல்யாண வீடியோக்காரர்களான எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தியை வெட்டிவிடுவோம். தான் வாயைப் பிளந்து சோறு போடுகிற காட்சியைப் பார்த்துவிட்டு எத்தனை பெரியம்மாமார் கடைக்கு வந்து சண்டை பிடித்திருக்கிறார்கள்! ஆகவே இலை போட்டதும் கத்தரி. கைப்பழக்கம், யோசிக்கிறதே இல்லை. அந்த நர்ஸின் கெசட்டிலும் பந்தியை எடுத்துவிட்டுப் பூ விழ வைத்தேன். கல்யாண சீசன், கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வெட்டாத பிரதியை அழித்தும் விட்டேன். போதாததற்கு, கெசட்டைப் பின்னுக்குச் சுற்றும்போது எங்கள் வீடியோ டெக் நடுவழியில் நாடாவைக் கடித்துக் கசக்கி அறுத்துப் போட்டது. அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலஹாவில் அந்தப் படத்தைப் போட்டோம். லெப்டொப்பை டிவியோடு இணைத்து ஓட்ட நானும் போயிருந்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, வாசலோரம் குந்தியிருந்த அக்கா எழும்பி, ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“இது நம்ம பக்கத்து வீட்டுக் கல்யாணம்! எம் மக இதுல இருக்கா! பந்தியில அப்பளம் வச்சது அவதான்!”

மிஸ் துள்ளிய துள்ளலில் கெமரா ஸ்டாண்ட் ஆடியது. “வாங்கோ அக்கா, வாங்கோ, முன்னுக்கு இருங்கோ!” என்று தன் கதிரையை இழுத்துப் போட்டார். தாலி கட்டி முடிந்தது. அட்சதை முடிந்தது. “இப்ப வரும்” என்றார் அக்கா. பரிசு கொடுக்க ஆட்கள் வந்து போனார்கள். “இந்தா, அடுத்தது பந்திதான்” என்றார். அடுத்து பொண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறிப் போனார்கள். நான் போட்ட பூக்கள் விழுந்தன. படம் முடிந்தது.

“பந்தி எங்க?” என்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்துக்கு முன்னால் நாக்கு எழவில்லை. “நான்தான் வெட்டினேன் அக்கா” என்றேன். நாடா அறுந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திரும்பிப் போய் வாசலோரம் பழையபடி குந்திக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிஸ் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கன்னத்தில் ஒன்று விழப்போகிறது என்று நினைத்தேன்.

“கெசட் எங்க?”

“லாச்சியில.”

“எறியேல்லையே?”

“இல்ல மிஸ். அறுந்துதான் கெடக்கு.”

“அறுந்தா ஒட்டலாம்! வாரும், பஸ்ஸுக்கு ஓடுவம்!”

பஸ்ஸில் இருக்க இடம் இருந்தும் கண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். ஸ்டூடியோவுக்கு வந்ததும் கெசட்டின் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றினோம். துணியில் ஸ்பிரிட் நனைத்துப் பூஞ்சணத்தைத் துடைத்தோம். கசங்கின இடம் ஒரு சாண் இருக்கும். அதை வெட்டியெறிந்துவிட்டு நல்ல நாடாவோடு நல்ல நாடாவை ஒட்டுவதுதான் முறை. நான் கத்தரியை எடுத்தேன். மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஒரு சாண் எத்தினை செக்கன்?”

“பத்து செக்கன் வரும்.”

“அந்தப் பத்து செக்கனுக்குள்ள அந்தப் பிள்ளை நிண்டா?”

கத்தரியைக் கீழே வைத்தேன். அறுந்த முனைகளை மட்டும் ஒட்டிவிட்டு, கசங்கலைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, துணி சுற்றிய விரலால் மடிப்பு மடிப்பாக நீவினோம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அதே வேலை. மிஸ் ஒரு நாளும் இல்லாதபடி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாய் மட்டும் நிற்கவில்லை. “வருவா, வருவா” என்று நாடாவோடு கதைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் டெக்கை இனி நம்ப முடியாது. திகனயில் பழைய எலெக்ட்ரோனிக் சாமான் விற்கிற முஸ்லிம் நானா ஒருவரைப் பிடித்தோம். அவர் கெசட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டெக் ஒண்டு ஈக்கி மிஸ். ஆனா ஒட்டுன நாடா, கசங்கின நாடா. ஒரு தரம் ஓடும். ரெண்டாந் தரம் ஓடுமாண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.”

“ஒருக்கா ஓடினாக் காணும் நானா!”

அதற்குப் பிறகு மிஸ் செய்த காரியத்தை நானாவும் நானும் எதிர்பார்க்கவில்லை. கெசட்டை உள்ளே தள்ளப்போகிற நேரத்தில் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து டிவியை மூடினார். லெப்டொப் திரையில் ஒரு கடதாசியை ஒட்டினார். கீழே ஓடுகிற நேரம் மட்டும்தான் தெரிந்தது.

“மிஸ், படம் பதியுதான்னு பாக்க வேணாமா?”

“வேண்டாம். முதல்ல தாய் பாக்கட்டும். அதுக்கு முன்னம் பாக்க நாங்கள் ஆர்?”

“வெறும் புள்ளி புள்ளியா வந்திருந்தா?”

“அவவோட சேந்து புள்ளியைப் பாப்பம்.”

டெக் ஓடியது. ஒட்டின இடம் நாடாவை வாசிக்கிற ஹெட்டில் ஏறும்போது உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். நானா வாய்க்குள் எதையோ ஓதினார். சத்தம் அடங்கி, நாடா ஓடி முடிந்தது. மிஸ் நானாவின் மேசையில் இரண்டு கையாலும் தாளம் போட்டார். என்ன பதிந்திருக்கிறது என்று எங்களுக்கு ஒரு துளியும் தெரியாது. ஆனாலும் மூன்று பேருமே சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கலஹா. அக்கா கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார். மிஸ் அவர் முகத்துக்கு நேரே கெமராவை வைத்தார். நான் படத்தை ஓட விட்டேன்.

முதலில் புள்ளிதான். எனக்கு உயிரே போனது. புள்ளி விலகி, ஒரு கொட்டகை வந்தது, வரிசையாக வாழையிலை வந்தது. சனம் வாயைப் பிளந்து அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறது. அதற்குள்ளே பாவாடை சட்டை போட்ட பிள்ளை ஒன்று, பெட்டி நிறைய அப்பளத்தோடு இலை இலையாகத் தாவி வருகிறது. ஒரு தாத்தா போதும் என்று கையை விரிக்க, வேண்டுமென்றே இரண்டு வைத்துவிட்டுச் சிரிக்கிறது. பிறகு எல்லோருக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒன்றை முறித்து வாயில் போடுகிறது.

“திங்கிறா! பாருங்க, திங்கிறா! பரிமாறச் சொன்னா திங்கிறா!” அக்கா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஏய், அந்த மனுஷனுக்கு வைக்கல பாரு, திரும்பு, திரும்பு!”

திரும்பியது. கசங்கின இடம் வந்தது. படம் நெளிந்தது, நிறம் போனது, ஆனாலும் நடுவில் அந்த முகம், வாய் நிறைய அப்பளத்தோடு நேராக எங்களைப் பார்த்துக்கொண்டு. நான் கத்தரி வைக்கப்போன பத்து செக்கன் அதுதான்.

“இன்னொருக்கா போடுங்க” என்றார் அக்கா. போட்டேன். எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. லயம் முழுக்க வந்து கூடி, சிரித்தது, அழுதது. மிஸ் துள்ளினார், என்னைக் கட்டிப்பிடித்தார், யார் யாரையோ கட்டிப்பிடித்தார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு கெமரா பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். ரெக்கோர்ட் பட்டனை அமுக்கவே இல்லை. இருந்த ஆவலில் மறந்தே போயிருக்கிறார். அந்தத் தாய் மகளைக் கண்ட முகம், அந்தச் சிரிப்பு, எதுவும் கெமராவில் இல்லை. மிஸ் நிலத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

“அமுக்க மறந்திட்டன் அக்கா. எல்லாம் போச்சு.”

அக்கா எழும்பி வந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“அழுவாதீங்க மிஸ். நான் சிரிச்சது தானே போச்சு? நீங்க இத்தன நாளாக் கேட்டது அதுவா? எந்திரிங்க. இப்ப அமுக்குங்க.”

மிஸ் எழும்பிப் போய் அமுக்கினார்.

“ஓடுதா?”

“ஓம் அக்கா. ஓடுது.”

அக்கா கதிரையில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்தினார்.

“எம் மக பேரு நிரோஷா. எல்லா ஃபோம்லயும் காணாம போனதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அவ காணாம போகல. அவ கையும் எங் கையும் விட்டுப்போன எடம் எனக்குத் தெரியும். நான்தான் விட்டேன். ஏன் விட்டேன்னு இன்னிக்குச் சொல்றேன்.”